கொழும்பில் சிறுதொழில் தொடங்கும் இளையோர் கைமுதலை முடங்கவிடாமல் காப்பது எப்படி

கொழும்பில் சொந்தத் தொழில் ஒன்றைத் தொடங்க நினைக்கும் இளைஞர், யுவதிகளுள் பலர் முதலில் கடை அறையைத்தான் தேடுகிறார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியை அண்டியோ கொட்டாஞ்சேனையில் ஒரு சந்திக்குப் பக்கத்திலோ இடம் கிடைத்துவிட்டால், முற்பணம் கட்டி, தளபாடம் செய்வித்து, பெயர்ப்பலகை மாட்டி, விளக்குகளும் பொருத்தி முடித்த பிறகே எதை, யாருக்கு, என்ன விலைக்கு விற்கப்போகிறோம் என்ற கேள்விக்கு வருகிறார்கள். அதற்கு விடை தெரியவரும் நேரத்தில், சேமித்த பணமும் அம்மாவின் நகையை அடகு வைத்து எடுத்த பணமும் சுவரிலும் கண்ணாடியிலும் கட்டட உரிமையாளரின் வங்கிக் கணக்கிலும் முடங்கிப் போயிருக்கும். வியாபாரம் நன்றாக நடந்தாலும் அடுத்த வாரச் சாமான் எடுக்கக் காசு இருக்காது.

இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கை மாற்றச் சொல்கிறது. முதலில் வாங்குவோரையும், பிறகு சரியான விலைக்கணக்கையும், அதன்பின் பதிவையும், எல்லாவற்றுக்கும் கடைசியாக இடத்தையும் தேடுங்கள். எந்தக் கட்டத்திலும் ஒரு ரூபாயைக் கையிலிருந்து விடுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் பணம் எத்தனை நாள் முடங்கும்? தொழில் சரிவராவிட்டால் இதில் எவ்வளவு திரும்பி வரும்? கீழே சொல்பவை எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்குமான விடைகளே.

வாங்குவோரைக் கண்டுபிடித்தல்

உறவினரும் நண்பரும் முதல் தடவை வாங்குவது உங்கள் மீதுள்ள அன்பினால். அதைச் சந்தையின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களை முன்பின் அறியாத ஒருவர், யாரும் வற்புறுத்தாமல், இரண்டாவது தடவையும் பணம் கொடுத்து வாங்கும்போதுதான் அந்தப் பொருளுக்கு இடம் இருக்கிறது என்று நம்பலாம். அப்படிப்பட்ட இருபது பேராவது கிடைக்கும் வரை கடை அறைக்கோ இயந்திரத்துக்கோ செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அந்த இருபது பேரைத் தேடுவதற்குக் கொழும்பில் வழிகள் பல உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடிகளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வட்ஸ்அப் குழு ஒன்று இருப்பது வழக்கமாகிவிட்டது. கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் உள்ள அலுவலகங்களில் மதிய உணவுக்கும் மாலைச் சிற்றுண்டிக்கும் ஆள் தேடுகிறார்கள். சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், ஆடிவேல், நவராத்திரி, தீபாவளி, நத்தார் என்று பண்டிகைகள் ஆண்டு முழுவதும் வருவதால், ஒரே ஒரு பண்டிகைக்கு மட்டும் முன்கூட்டியே ஓடர் எடுத்து, பாதிப் பணத்தை முன்னதாக வாங்கி, அளவாகச் செய்து கொடுத்துப் பார்க்கலாம். ஓடருக்குச் செய்யும்போது வாடிக்கையாளரின் பணத்தில் சாமான் வாங்குகிறீர்கள். உங்கள் பணம் முடங்குவதில்லை. பண்டிகைக்கு இருப்பு வாங்கி அடுக்கிய கடைக்காரர் மறுநாள் மிஞ்சியதை எண்ணிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இலாபத்தை எண்ணலாம்.

கையில் முதல் மிகக் குறைவாக இருப்பவர்கள் பொருள் விற்பதைவிடச் சேவை விற்பதை முதலில் யோசிக்க வேண்டும். பிளவுஸ் தைத்தல், குளிரூட்டி திருத்துதல், கைத்தொலைபேசி பழுதுபார்த்தல், சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தல் போன்றவற்றில் உழைப்பே பெரும்பங்கு. இருப்புத் தேங்குவதும் காலாவதியாவதும் இல்லை. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் பிழையின்றி எழுதத் தெரிந்தவருக்கு இந்த நகரத்தில் தனியான ஒரு வாய்ப்பு உண்டு. பெயர்ப்பலகைகளிலும் லேபல்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் தமிழ் எப்படிச் சிதைக்கப்படுகிறது என்பதை நாம் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். அதைத் திருத்தமாகச் செய்து கொடுப்பதற்கு ஒரு கணினியும் பொறுமையும் போதும்.

பொருள்தான் விற்கப்போகிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன் சில காலைகளைப் புறக்கோட்டையில் நடப்பதற்காகவே ஒதுக்குங்கள். கெய்சர் வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் துணி, முதலாம் குறுக்குத் தெருவில் மின்னணுப் பொருட்கள், நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, வெங்காயம், பருப்பு, சரக்குச் சாமான், செட்டியார் தெருவில் தங்கம், பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் என்று தெருவுக்குத் தெரு தொழில் பிரிந்திருப்பதால், ஒரே பொருளின் விலையைச் சில மணி நேரத்தில் பல கடைகளில் கேட்டுவிடலாம். மரக்கறியும் பழமும் மொத்தமாக வாங்க வேண்டுமானால் மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்குப் போய்விட்டது என்பதை நினைவில் வைத்து, முச்சக்கர வண்டிக் கூலியையும் நாட்டாமைக் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். விலை கேட்கும்போது குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்க வேண்டும், பழுதானால் மாற்றித் தருவார்களா, அதே சாமான் அடுத்த மாதமும் கிடைக்குமா என்பவற்றையும் கேட்டு எழுதிவையுங்கள். மலிவான விலைக்கு ஆசைப்பட்டு ஆறு மாதத்துக்குப் போதுமான சாமானை ஒரே நாளில் எடுப்பவர் அந்த ஆறு மாதத்துக்கும் தன் பணத்தைப் பூட்டிவைக்கிறார்.

விலைக்கணக்கு

இந்தப் பகுதியை நான் நீட்டியே எழுதுகிறேன். இளையோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதுவும் தம் கணக்கினாலேயே ஏமாறுகிறார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மகளும் தாயும் வீட்டில் பருத்தித்துறை வடை செய்து பொதியிட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களை நீங்களே இட்டுப் பாருங்கள். ஒரு பொதியின் சில்லறை விலை 350 ரூபாய். கடைக்காரர் 20 சதவீதம் எடுத்துக்கொண்டால் வீட்டுக்கு வருவது 280 ரூபாய். மா, உளுந்து, எண்ணெய், கறிவேப்பிலை, மிளகாய்க்கு 130 ரூபாய். எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் 20 ரூபாய். பைக்கும் லேபலுக்கும் 22 ரூபாய். கடைகளுக்குக் கொண்டுபோக 15 ரூபாய். உடைந்து திரும்பி வருபவற்றுக்கு 10 ரூபாய். கூட்டினால் 197 ரூபாய் வரும். 280 இலிருந்து 197 ஐக் கழித்து, பொதிக்கு 83 ரூபாய் இலாபம் என்று இருவரும் மகிழ்கிறார்கள்.

அந்தக் கணக்கில் அவர்களுடைய உழைப்புக்கு விலை போடப்படவில்லை. இருவரும் ஒரு நாள் முழுவதும் உழைத்து 100 பொதி செய்கிறார்கள். ஆளுக்கு 2,500 ரூபாய் நாட்கூலி என்று வைத்தால் பொதிக்கு 50 ரூபாய் கூலி. இப்போது அடக்கவிலை 247 ரூபாயாகவும் மிச்சம் 33 ரூபாயாகவும் மாறுகிறது. உண்மையான இலாபம் அந்த 33 ரூபாய்தான். நாளைக்குத் தாய்க்கு உடல்நலம் குன்றி வேறொருவரைக் கூலிக்கு வைக்க நேர்ந்தால் இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். வீட்டாரின் உழைப்பை இலவசமாகக் கருதி விலை நிர்ணயித்த தொழில் பெருக முடியாது. பெருகும் ஒவ்வொரு பொதிக்கும் கூலி கொடுக்க வேண்டியிருக்கும், அந்தக் கூலியோ விலைக்குள் இருக்காது.

அடுத்தது காலம். கடைக்காரர் 45 நாள் கடனில் சாமானை எடுக்கிறார் என்றால், மாதம் 25 நாள் வேலை, நாளுக்கு 100 பொதி என்ற கணக்கில், முதல் பணம் கைக்கு வருவதற்குள் ஏறத்தாழ 3,750 பொதிகளை வெளியே கொடுத்திருப்பார்கள். பொதிக்கு 197 ரூபாய் வீதம் 7 இலட்சத்து 38 ஆயிரத்து 750 ரூபாய், ஒரு சதமும் திரும்பி வராத நிலையில், அவர்களது கையிலிருந்து போயிருக்கும். தமக்குக் கூலி எதுவும் எடுக்காமலே இவ்வளவு. காகிதத்தில் இலாபம் காட்டும் தொழில் மூன்றாம் மாதத்தில் எண்ணெய் வாங்கக் காசின்றி நிற்பதன் காரணம் இதுதான். ஆகவே பெரிய கடைத்தொகுதி ஒன்று உங்கள் பொருளை எடுக்கச் சம்மதித்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் கையொப்பமிடாமல், எத்தனை நாளில் பணம் தருவார்கள், விற்காததைத் திருப்பி அனுப்புவார்களா, காட்சித் தட்டுக்குக் கட்டணம் கேட்பார்களா என்று முதலில் கேளுங்கள். 45 நாளில் பணம் தரும் ஒரு பெரிய கடையை விட, சாமானை இறக்கியவுடன் காசு தரும் ஐந்து சிறிய கடைகள் தொடக்கத்தில் உங்களுக்கு நல்லவை. உணவை வீட்டுக்கு விநியோகிக்கும் செயலிகள் மூலம் விற்பதற்கும் இதே விதிதான். அவர்கள் எடுக்கும் தரகுப் பணத்தை முதலில் அடக்கவிலையில் சேர்த்து, அப்படியும் மிஞ்சுகிறதா என்று பார்த்த பிறகே இணையுங்கள்.

விலை ஏறும் காலத்துக்கு இன்னொரு விதி உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயளவுக்குப் போனதையும், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியதையும் நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். பழைய விலைக்கு வாங்கிய சாமானைப் பழைய இலாபத்தோடு விற்ற வியாபாரிகள், விற்று வந்த பணத்தில் அதே அளவு சாமானை மீண்டும் வாங்க முடியாமல் திண்டாடினார்கள். இலாபத்தோடு விற்று முடித்தும் அவர்களுடைய முதல் கரைந்துவிட்டது. எனவே விலை நிலையற்ற காலங்களில், நேற்று என்ன கொடுத்து வாங்கினோம் என்பதை விட்டு, நாளைக்கு வாங்க என்ன கொடுக்க வேண்டும் என்பதை வைத்து விலை போடுங்கள். வாடிக்கையாளருக்குக் காரணத்தை நேர்மையாகச் சொன்னால் பெரும்பாலோர் விளங்கிக்கொள்வார்கள்.

கடனும் காசோலையும்

ஒரு மொத்தக் கடையில் நாலைந்து தடவை காசு கொடுத்து வாங்கிய பிறகு, "தம்பி, சாமானைக் கொண்டு போங்கோ, காசைப் பிறகு பாப்பம்" என்று முதலாளி சொல்லும் நாள் வரும். அது உங்கள் மீதுள்ள மதிப்பின் அடையாளம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விற்றுப் பணமாக்க எடுக்கும் காலத்தை விடக் கடன் தவணை நீண்டதாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். முப்பது நாளில் விற்கும் சாமானுக்கு நாற்பத்தைந்து நாள் தவணை நன்மை. அறுபது நாளில் விற்கும் சாமானுக்கு முப்பது நாள் தவணை பொறி.

புறக்கோட்டையில் பிந்திய திகதியிட்ட காசோலை கொடுப்பது அன்றாட வழக்கம். கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தும் காசோலை எழுதி அது திரும்பினால், 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்கீழ் அது குற்றமாகலாம். சட்டத்துக்கு முன்பே சந்தை தண்டித்துவிடும். ஒரு காசோலை திரும்பிய செய்தி மாலைக்குள் அந்தத் தெரு முழுவதும் பரவிவிடும், அதற்குப் பிறகு யாரும் கடனுக்குச் சாமான் தரமாட்டார்கள். எழுதும் ஒவ்வொரு காசோலையின் திகதியையும் தொகையையும் ஒரு கொப்பியில் குறித்து, வாரத் தொடக்கத்தில் அந்த வாரம் வரவிருப்பவற்றைக் கூட்டிப் பாருங்கள். பணம் போதாமல் போகும் என்று தெரிந்தால், திகதிக்கு முன்பே முதலாளியிடம் நேரில் போய்ச் சொல்லி அவகாசம் கேளுங்கள். தொலைபேசியை நிறுத்திவைப்பவரைத்தான் சந்தை மன்னிப்பதில்லை.

நீங்கள் பிறருக்குக் கடன் கொடுப்பதாக இருந்தால் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று எல்லை வகுத்து, பழைய பற்றுச்சீட்டு தீராமல் புதிய சாமான் கொடுக்காதீர்கள். தெரிந்தவர், ஊரவர், ஒரே கோயிலுக்கு வருபவர் என்பதனால் எல்லையைத் தளர்த்தினால் சாமானும் போகும், உறவும் போகும். வங்கிச் செயலி வழியாகவோ லங்கா கியூஆர் மூலமாகவோ உடனே செலுத்தும் வசதியை வைத்திருப்பது, "காசு எடுத்துவர மறந்துவிட்டேன்" என்ற பேச்சுக்கு இடம் வைக்காது.

முதல் எங்கிருந்து வருகிறது

நம் சமூகத்தில் தொடக்க முதல் பெரும்பாலும் சொந்தச் சேமிப்பு, சீட்டு, நகை அடகு, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மாமாவோ அனுப்பும் பணம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. இவை ஒன்றும் தாழ்ந்தவை அல்ல. உறவினரிடம் வாங்கும் பணத்தையும் எழுத்தில் வையுங்கள்: இது அன்பளிப்பா, கடனா, பங்கா? கடன் என்றால் எப்போது திருப்புவது? பங்கு என்றால் நட்டத்திலும் பங்கா? இதை எழுதக் கேட்பது அவநம்பிக்கை என்று பலர் தயங்குகிறார்கள். எழுதாமல் விட்ட பணத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களைக் கண்டவர்கள் தயங்கமாட்டார்கள்.

வங்கிக்குப் போவதற்கு முன், கொடுகடன் தகவல் பணியகத்தில் உங்களைப் பற்றிய அறிக்கையைப் பெற்றுப் பாருங்கள். பேச்சு வழக்கில் 'கிரிப்' என்று சொல்லப்படும் இந்தப் பதிவில், முன்பு தவணை தவறிய கைத்தொலைபேசிக் கடனோ லீசிங்கோ, நண்பருக்காக நீங்கள் இட்ட பிணைக் கையொப்பமோ இருந்தால் வங்கி அதைப் பார்க்கும். எடுக்கும் கடனை நோக்கத்தோடு பொருத்துங்கள். பல ஆண்டு உழைக்கும் தையல் இயந்திரத்துக்கு நீண்ட தவணைக் கடன் பொருந்தும், மூன்று வாரத்தில் விற்கும் சாமானுக்கு ஐந்து ஆண்டுக் கடன் பொருந்தாது. வீட்டு வாசலுக்கு வந்து, ஆவணம் பெரிதாகக் கேளாமல், வாரம் வாரம் வசூலிக்கும் கடன்களில் வட்டியை ஆண்டு வீதமாக மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள். அந்த வட்டியைத் தாங்கும் இலாபம் தரக்கூடிய சிறுதொழில் அரிது.

பதிவும் பங்காளியும்

தனியாகத் தொழில் செய்வோர் தம் முழுப்பெயரல்லாத வேறொரு பெயரில் வியாபாரம் நடத்தினால் அந்தப் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். இது 1918 ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் கடமை. விண்ணப்பம் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்துக்குப் போகும். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, முகத்துவாரம் பக்கத்தவர்களுக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, பொரளைப் பக்கத்தவர்களுக்குத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம். தெஹிவளைக்குத் தனிச் செயலகம். இடத்தின் உரிமையையோ வாடகையையோ காட்டும் ஆவணமும் தொழிலுக்குத் தொழில் வேறுபடும் அனுமதிகளும் கேட்பார்கள் என்பதால், முதல் நாள் வெறுங்கையுடன் போய்த் தேவையான ஆவணங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி வருவது அலைச்சலைக் குறைக்கும். தமிழில் படிவம் கேட்பது உங்கள் உரிமை. எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதில் குழப்பம் வந்தால் 1919 என்ற அரச தகவல் நிலையத்தை அழைக்கலாம். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் தொழிலின் பெயரில் தனி வங்கிக் கணக்கைத் திறவுங்கள்.

வியாபாரப் பெயரைப் பதிவதனால் அந்தப் பெயர் உங்களுக்கு மட்டும் உரியதாகிவிடுவதில்லை. பெயரையும் சின்னத்தையும் காக்க வேண்டுமானால் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ்த் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிய வேண்டும். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தொடங்கிய முதல் மாதத்திலேயே இதற்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் லேபலை ஆயிரக்கணக்கில் அச்சிடுவதற்கு முன், அதே பெயரை வேறொருவர் பதிந்திருக்கிறாரா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் ஒருவரே பங்குதாரராக இருந்தும் தனியார் வரையறுக்கப்பட்ட கம்பனி தொடங்கலாம், பதிவை இணையத்திலேயே செய்யலாம். கடன் வந்தால் உங்கள் சொந்தச் சொத்துக்கும் கம்பனிக்கும் இடையில் சட்டம் ஒரு பிரிவை வைக்கிறது என்பதே இதன் பெரும் பயன். ஆனால் கம்பனிச் செயலாளர் கட்டணம், ஆண்டு அறிக்கை, நிதிக்கூற்று என்று ஒவ்வோர் ஆண்டும் செலவு வரும். பெரும்பாலான சிறுதொழில்களுக்கு முதல் ஆண்டில் தனியுரிமைப் பதிவே போதும். பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்யும் நிலை வந்ததும் கம்பனியாக மாறலாம். 'டிரெக்டர்' என்று அட்டை அச்சிடுவதற்காக மட்டும் கம்பனி பதிய வேண்டாம்.

இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொடங்குவது கொழும்பில் மிகவும் வழக்கம். தொழிலில் போடும் மூலதனம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டால் பங்குடைமை எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இன்றைய பணத்தில் எந்தத் தொழிலும் அந்த எல்லையைத் தாண்டிவிடும். பங்குடைமையில் ஒரு பங்காளி தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரும் தம் சொந்தச் சொத்து வரை பொறுப்பு. ஆகையால் யார் எவ்வளவு போட்டார், யாருக்கு என்ன வேலை, மாதம் யார் எவ்வளவு எடுக்கலாம், ஒருவர் வெளிநாடு போக விரும்பினால் அவர் பங்கை எப்படி மதிப்பிட்டு எப்போது கொடுப்பது என்பவற்றை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் எவரும் எழுதுவதில்லை. நம் இளையோரில் எத்தனை பேர் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள் என்பதை எண்ணினால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

உணவுத் தொழில் செய்வோருக்கு மேலதிகக் கடமைகள் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டுச் சமையலறையில் விற்பனைக்காகச் செய்யும் உணவுக்கும் பொருந்தும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அவர் தேடி வருவதற்கு முன், நீங்களே போய்ச் சந்தித்துச் சமையலறையில் என்ன மாற்றம் தேவை என்று கேளுங்கள். பொதியில் உணவின் பெயர், உள்ளடக்கம், நிகர நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உச்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும். மாநகர சபையின் வியாபார உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. கடை வைத்திருப்போர் விலைகளைக் காட்சிக்கு வைக்கவும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது.

இடம்

இப்போதுதான் கடை அறைக்கு வருகிறோம். வீட்டிலிருந்து சமாளிக்க முடியாத அளவுக்கு ஓடர் வந்து, ஒரு மாத வாடகையை ஒரு வார இலாபத்தில் கட்டலாம் என்று கொப்பி சொல்லும்போது இடம் தேடுங்கள். கொழும்பில் ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முற்பணமும், நல்ல சந்திகளில் 'கீ மணி'யும், அதாவது கடையைக் கைக்கு எடுப்பதற்கென்று வாடகைக்குப் புறம்பாகக் கொடுக்கும் தொகையும், கேட்பதுண்டு. கீ மணியாகக் கொடுத்த தொகை எப்படித் திரும்பும், அடுத்த வாடகைக்காரருக்குக் கைமாற்ற உரிமையாளர் சம்மதிப்பாரா என்பவை எழுத்தில் இல்லாவிட்டால், அந்தப் பணம் போய்விட்டதாகவே கணக்கிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். முன்பு சொன்ன அதே 1840 ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதையும் வேண்டுகிறது. ஆயிரம் ரூபாய் முத்திரையில் இருவர் கையொப்பமிட்ட காகிதத்தை நம்பிப் பல இலட்சத்துக்கு அலங்காரம் செய்யாதீர்கள். உறுதி எழுதுமுன் நான்கு விடயங்களைப் பேசி முடியுங்கள்: ஆண்டுக்கு வாடகை எவ்வளவு கூடும், இருபக்கமும் எத்தனை மாத முன்னறிவித்தல், நீங்கள் பொருத்தியவற்றைக் கழற்றிச் செல்லலாமா, முற்பணம் எத்தனை நாளில் திரும்பும். மின்மானி வீட்டுப் பாவனைக் கட்டணத்திலா பொதுத் தேவைக் கட்டணத்திலா இருக்கிறது, பழைய பட்டியல் நிலுவை உண்டா, மாநகர சபை அந்தக் கட்டடத்தில் உங்கள் தொழிலுக்கு உரிமம் தருமா என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் நாளில் ஒரு தடவை போய்ப் பார்ப்பதும் நல்லது; வெள்ளம் தேங்கும் ஒழுங்கைகளைக் கொழும்பு வெயில் நாளில் மறைத்துவிடும்.

கணக்கு, வரி, ஊழியர்

ஒவ்வொரு நாளும் இரவு லாச்சியிலுள்ள பணத்தை எண்ணி, வந்ததையும் போனதையும் எழுதுங்கள். உங்களுக்கென்று ஒரு மாதச் சம்பளத்தை வைத்து அதை மட்டும் எடுங்கள். வீட்டுக்குப் பால்மா வாங்க லாச்சியில் கைவைக்கும் பழக்கம் வந்துவிட்டால் தொழில் இலாபமா நட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை, கையிலுள்ள காசு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, இருப்பு ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதினால் பணம் எங்கே முடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

18 வயது நிறைந்தவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரிசெலுத்துவோர் அடையாள இலக்கம் பெற வேண்டும் என்பது 2024 முதல் நடைமுறை. இலக்கம் பெறுவதால் உடனே வரி கட்ட வேண்டும் என்பதில்லை. 2025 ஏப்ரல் 1 இலிருந்து தனிநபருக்கான ஆண்டு வரி விடுவிப்பு 18 இலட்சம் ரூபாய். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. 18 சதவீதமான பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டிய விற்பனை எல்லை அண்மைக் காலத்தில் மாறி வந்துள்ளதால், விற்பனை வளரும்போது ஆண்டுக்கு ஒரு தடவை ஒரு கணக்காளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஒரே ஓர் ஊழியரை வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதி பொருந்தும். சம்பளத்தில் உங்கள் பங்கு 12 சதவீதம், ஊழியர் பங்கு 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் இன்னும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். ஆகவே 50,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவரை எடுத்தால் உங்களுக்கு ஆகும் செலவு 57,500 ரூபாய். சொந்தக்காரப் பையன், பழகும் வரைக்கும்தானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். சேர்ந்துவிட்ட நிலுவையும் மிகைக்கட்டணமும் ஒரே நாளில் கேட்கப்படும்போது சிறுதொழில் தாங்காது. அந்த இளைஞனுக்கு அது பிற்காலச் சேமிப்பு என்பதும் நம் மனச்சாட்சிக்குத் தெரிய வேண்டிய விடயம்.

நிறுத்த வேண்டி வந்தால்

தொடங்கும் நாளிலேயே ஓர் எல்லையை எழுதிவையுங்கள்: இவ்வளவு தொகை போனால், அல்லது இத்தனை மாதத்துக்குள் எனக்குரிய சம்பளத்தையாவது தொழில் தராவிட்டால், நிறுத்திவிடுவேன். நட்டத்தில் இருக்கும்போது அந்த எல்லையைப் புதிதாக வகுக்க மனம் இடம் கொடுக்காது. நகையில் மிஞ்சியதையும் கொண்டுபோய்ப் போடச் சொல்லும்.

நிறுத்துவதற்கும் ஒழுங்கு உண்டு. புதிய சாமான் எடுப்பதை முதலில் நிறுத்தி, இருப்பை விற்றுக் காசாக்குங்கள். ஊழியரின் சம்பளத்தையும் நிதிப் பங்களிப்பையும் தீர்த்து, வெளியே கொடுத்த காசோலைகளுக்குப் பணத்தை ஒதுக்கி, மொத்த வியாபாரிகளின் நிலுவையைச் சிறிய தொகையிலிருந்து தொடங்கித் தீருங்கள். முழுவதும் முடியாவிட்டால் தவணை எழுதிக் கொடுங்கள். குத்தகை உறுதியில் உள்ளபடி கட்டட உரிமையாளருக்கு எழுத்தில் முன்னறிவித்து முற்பணத்தைக் கேளுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவை நீக்கப் பிரதேச செயலகத்துக்கும், தொழில் நின்றுவிட்டதை இறைவரித் திணைக்களத்துக்கும் மாநகர சபைக்கும் அறிவியுங்கள். கம்பனியாக இருந்தால் அது தானாக மறைவதில்லை, முறைப்படி நீக்கும் வரை ஆண்டு அறிக்கைக் கடமை தொடரும். விலைக்கணக்குக் கொப்பியையும் வாடிக்கையாளர் பட்டியலையும் மொத்தக் கடைகளின் விலைக் குறிப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். கடன் பாக்கி வைக்காமல் மூடியவருக்குப் புறக்கோட்டையில் அடுத்த தடவையும் சாமான் கிடைக்கும்.